வாங்கறேன்னு சொல்லியிருந்தேன்

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நான் ஆயர் தாவாரில் அப்பா வீட்டில் மாட்டிக்கொண்டேன். இரண்டு நாள் தங்கிவிட்டுக் கோலாலம்பூர் திரும்புவதாகத்தான் திட்டம். மூன்று மாதம் ஆகிவிட்டது. அம்மா போன பிறகு நானும் அப்பாவும் அவ்வளவு நாள் ஒரே கூரையின் கீழ் இருந்தது அதுதான் முதல் தடவை. காலையில் ஆறு மணிக்கு எழுவார், படுக்கையை மடிப்பார், வாசலைக் கூட்டுவார், எட்டு மணிக்குச் செய்தி. யாருக்கும் எங்கும் போக வழியில்லாத நாட்களில் அவருடைய நேர அட்டவணை மட்டும் ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. இருபத்தொரு வருடம் கடற்படையில் இருந்தவர். ரேடியோ பிரிவு. 1971ல் சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் தளத்தில் பயிற்சிக்குச் சேர்ந்து, லுமுட்டில் ஓய்வு பெற்றார்.

ஏப்ரலில் ஓர் இரவு 'ஆன் தி பீச்' படத்தைப் போட்டேன். 1959ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். அணுப்போரில் உலகின் வடபாதி செத்துவிட்டது. கதிர்வீச்சு காற்றோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே இறங்கிக்கொண்டிருக்கிறது. கடலுக்கடியில் இருந்ததால் தப்பிய ஓர் அமெரிக்க நீர்மூழ்கி மெல்பர்ன் துறைமுகத்தில் ஒதுங்குகிறது. அதன் கேப்டன் டுவைட் டவர்ஸ். கிரிகரி பெக் நடித்திருப்பார். அப்பா பத்து நிமிடத்திலேயே குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார். "எல்லாத்தையும் இவனே போயி பெரிஸ்கோப்புல பாக்குறான், மத்தவனுக்கெல்லாம் வேலையே இல்லையா?"

ஆனால் ஒரு கட்டத்தில் வாயை மூடிக்கொண்டார். ஆளே இருக்க முடியாத அமெரிக்கக் கரையிலிருந்து ஒரு ரேடியோ சமிக்ஞை வந்துகொண்டிருக்கிறது. அர்த்தமில்லாத மோர்ஸ். யாரோ உயிரோடு இருக்கிறார்களோ என்று பார்க்கக் கப்பல் பசிபிக்கைக் கடந்து போகிறது. படத்தில் அது ஜன்னல் திரைக்கயிற்றில் சிக்கிய ஒரு கோக் பாட்டில். காற்றில் ஆடி ஆடி மோர்ஸ் சாவியைத் தட்டிக்கொண்டிருக்கிறது. மனிதன் யாருமில்லை.

அப்பா கேட்டது ஒரே கேள்வி. "சரி, கரண்ட் எப்படி இருந்துச்சு?"

அந்தக் கேள்விக்காகத்தான் நாவலைத் தேடிப் படித்தேன் என்று சொன்னால் பொய்யில்லை. நெவில் ஷூட் 1957ல் எழுதியது. நம்மூர்க்காரர்களுக்கு அவரை வேறொரு புத்தகத்தால் தெரியும்: 'எ டவுன் லைக் ஆலிஸ்'. ஜப்பானியர் காலத்தில் ஆங்கிலேயப் பெண்களும் பிள்ளைகளும் மலாயா முழுக்க நடத்திச் செல்லப்படுகிற கதை. உண்மையில் அப்படி நடந்தது மலாயாவில் இல்லை, சுமத்ராவில் என்று அவரே அதில் குறிப்பு எழுதியிருக்கிறார். ஷூட் பொறியாளர், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையின் ரிசர்வில் இருந்தவர். அதனால் மின்சாரத்தை மறக்கவில்லை. நாவலில் அந்த இடம் சியாட்டலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே நீர்மின் நிலையம் ஆளில்லாமலே ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். "ஆங், அது சரி" என்றார். பெக்கின் பாவத்தையெல்லாம் மன்னித்துவிட்டதுபோல இருந்தது.

நாவலில் கரையிறங்கிப் பார்ப்பவன் சண்டர்ஸ்ட்ராம் என்கிற அதிகாரி. பாதுகாப்பு உடை, குறிப்பிட்ட நேரம்தான் அனுமதி. உடைந்த ஜன்னல் சட்டம் சாய்ந்து சாவிமேல் ஆடிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடிக்கிறான். அதை எடுத்துவிட்டு, அவனே உட்கார்ந்து, இங்கே யாரும் உயிரோடு இல்லை, நிலையத்தை மூடுகிறேன் என்று முறையாக ஒரு செய்தி அனுப்பிவிட்டு அணைக்கிறான். மிச்சமிருந்த நேரத்தில் என்ன செய்கிறான் தெரியுமா? அங்கே கிடந்த பழைய வார இதழ்களைப் புரட்டி, போருக்கு முன் படித்துப் பாதியில் விட்டுப்போன ஒரு தொடர்கதையின் முடிவைத் தேடிப் படிக்கிறான்.

இந்த வகைக் கதைகளில் பொதுவாக உணவு, எண்ணெய், குடிதண்ணீர் என்றுதான் கணக்குப் போடுவார்கள். வில்லியம் பிரிங்க்லி 1988ல் எழுதிய 'தி லாஸ்ட் ஷிப்' அப்படிப்பட்ட கணக்கில் கெட்டிக்கார நாவல். 'நேதன் ஜேம்ஸ்' என்கிற ஏவுகணைக் கப்பல், அதுவும் போரில் தன் பங்குக்கு ஏவுகணையைச் செலுத்திவிட்டு, பிறகு வாழத்தக்க நிலம் தேடிக் கடல்கடலாக அலைகிறது. (அதே பெயரில் வந்த டிவி தொடரில் அணுப்போரைத் தூக்கிவிட்டுக் கொள்ளைநோய் வைத்துவிட்டார்கள். 2020ல் அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.) பிரிங்க்லியின் கேப்டன் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் மூன்று மைல் போய்விடலாம், அவ்வளவு பேச்சு. ஆனால் அதில் ஓரிடம் என்னை விடவில்லை. மாலுமிகளில் ஒரு பகுதியினர் அமெரிக்காவுக்குப் போயே தீரவேண்டும் என்று படகுகளில் பிரிந்து போகிறார்கள். வீடு இல்லை என்று அவர்களுக்குச் சொல்லாமல் இல்லை. தெரிந்துதான் போகிறார்கள்.

ஷூட்டின் நாவலிலும் ஒருவன் உண்டு. ஸ்வெயின் என்கிற மாலுமி. கப்பல் அவனுடைய சொந்த ஊருக்கு எதிரே நிற்கும்போது, வெளியேறும் வழியாகக் கிளம்பி நீந்திப் போய்விடுகிறான். அப்பா அம்மா செத்துக் கிடப்பதைப் பார்க்கிறான். மறுநாள் காலையில் கேப்டன் பார்க்கும்போது படகில் உட்கார்ந்து நிதானமாக மீன் பிடித்துக்கொண்டிருக்கிறான். இன்னும் சில நாளில் கதிர்வீச்சு தன்னைக் கொன்றுவிடும் என்று அவனுக்குத் தெரியும். கேப்டன் அவனைத் திட்டுவதில்லை. மீன் கடிக்கிறதா என்கிற மாதிரிதான் பேச்சு போகிறது.

கேப்டன் டவர்ஸே அப்படித்தான். அவனுடைய மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கனெக்டிகட்டில் இருந்தார்கள். வடக்கே யாரும் மிஞ்சவில்லை என்பதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவன் அவன். ஆனாலும் மெல்பர்ன் கடைகளில் மனைவிக்குக் கைவளையல், மகனுக்குத் தூண்டில் என்று வாங்குகிறான். மகளுக்குப் போகோ ஸ்டிக், அதாவது ஏறி நின்று குதிக்கிற கம்பு, வேண்டும். கடைகளில் கிடைக்கவில்லை. அவனைக் காதலிக்கிற மொய்ரா என்கிற பெண்தான் எப்படியோ ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து கொடுக்கிறாள். செத்துப்போன குழந்தைக்கு. அவள் அவனை ஒரு வார்த்தை திருத்துவதில்லை. படத்தில் இந்த இருவரையும் சேர்த்து வைத்துவிட்டார்கள். ஷூட்டுக்கு அது பிடிக்கவே இல்லை. படம் வெளிவந்த சில வாரங்களில், 1960 ஜனவரியில், அவரும் இறந்துவிட்டார். என் கட்சி ஷூட் கட்சிதான். அவன் வீட்டுக்கு உண்மையாக இருப்பது ஒன்றுதான் அவனைக் கேப்டனாக வைத்திருக்கிறது. அதை எடுத்துவிட்டால் கிரிகரி பெக்கின் முகம்தான் மிச்சம்.

இந்தப் பகுதியைப் படித்தபோது எனக்கு டவர்ஸ் ஞாபகம் வரவில்லை, கவுன்தான் ஞாபகம் வந்தது.

அப்பா லாபுவானிலிருந்து வரும்போது சாக்லெட்டோடு எனக்குக் கவுன் வாங்கி வருவார். ஒரு தடவைகூட அது எனக்குச் சேர்ந்ததில்லை. ஐந்தாறு மாதம் கழித்து வருவார். அவர் மனதில் நான் அவர் கிளம்பிய அன்றிருந்த உயரத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். அம்மா பிரித்துத் தைத்துப் பார்ப்பார், முடியாவிட்டால் அத்தை மகளுக்குப் போய்விடும். நான் அழுவேன். "உங்கப்பாவுக்கு எங்கடி தெரியும், அங்க தண்ணிக்கு நடுவுல" என்பார் அம்மா.

1986ல் பாட்டி தோட்டத்தில் இறந்தபோது அப்பா தண்ணீருக்கு நடுவில்தான் இருந்தார். லாயாங் லாயாங் திட்டுப் பக்கம் ரோந்து. கப்பல் திரும்ப ஐந்து வாரம் ஆகும். அம்மா ஒரு முடிவெடுத்தார். "கடல்ல இருக்கற மனுசன்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? வரட்டும்." சொல்லவில்லை. பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. அப்பா வந்த அன்று பை நிறையச் சாமான். அதில் பாட்டிக்கு ஒரு கம்பளி. பழுப்பு நிறம், ஓரத்தில் சிவப்புக் கோடு. அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தவரிடம்தான் அம்மா சொன்னார். அவர் கம்பளியை மடித்து மேசைமேல் வைத்தார். பிறகு குளிக்கப் போனார். எனக்குப் பத்து வயது. அன்றிலிருந்து அம்மாமேல் எனக்கு ஒரு கோபம். பெற்ற தாயின் சாவை ஒரு மனிதனிடமிருந்து ஐந்து வாரம் ஒளித்துவைக்க இவர் யார் என்று. அம்மாவின் கடைசிக் காலத்தில்கூட ஒரு சண்டையில் அதைச் சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

போகோ ஸ்டிக் கதையை அப்பாவிடம் சொன்னேன். டவர்ஸுக்கு மூளை கலங்கிவிட்டதோ என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அவர் பழைய செய்தித்தாளை விரித்து கங்கோங் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"கலங்கல்லாம் இல்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்குத் தெரியும்மா" என்றார்.

என்ன தெரியும்?

சித்தப்பா தோட்டத்திலிருந்து தளத்துக்குத் தந்தி அடித்திருக்கிறார். தளம் கப்பலுக்கு அனுப்பியிருக்கிறது. அன்று இரவு ரேடியோ அறையில் காவலில் இருந்தது அப்பா. காதில் மாட்டியபடி ஒவ்வொரு எழுத்தாக எழுதிக்கொண்டே போயிருக்கிறார். பேர் வந்தபோதுதான் யாருக்கு என்று தெரிந்ததாம். பெற்றுக்கொண்டேன் என்று பதில் அடித்துவிட்டு, பாரத்தில் எழுதி, மேலதிகாரியிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். மறுபடி வந்து உட்கார்ந்துவிட்டார். காவல் முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்ததாம்.

"அப்புறம் ஏம்பா கம்பளி வாங்குனீங்க?"

"வாங்கறேன்னு சொல்லியிருந்தேன்ல. குளுருதுன்னு சொன்னுச்சு."

அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டேன். கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவ அஞ்சு வாரமா அத எனக்காக வச்சிக்கிட்டு இருந்திருக்கா. வாசல்ல கால வச்சதும் எனக்குத் தெரியும்னு சொன்னா அவளுக்கு எப்படி இருக்கும்?"

அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. எனக்கும் முப்பத்துநாலு வருடம் தெரியவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிறகு அப்பாவுக்காகவே வேறொன்றைத் தேடிப் படித்துச் சொன்னேன், கற்பனையில்லாத கதை. 1962 அக்டோபர் 27, கியூபா நெருக்கடியின் உச்சம். பி-59 என்கிற சோவியத் நீர்மூழ்கி. டீசல் கப்பல், ஆனால் அதில் அணுமுனை பொருத்திய ஒரு டார்பிடோ இருக்கிறது. மேலே அமெரிக்கக் கப்பல்கள் அதை வெளியே வரவைக்கச் சிறிய வெடிகளைப் போட்டுக்கொண்டிருக்கின்றன. அவை எச்சரிக்கை வெடிகள்தான் என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஆழத்தில் இருப்பதால் மாஸ்கோவோடு தொடர்பு இல்லை. உள்ளே வெப்பம் 45 டிகிரிக்கு மேல், ஆட்கள் மயங்கி விழுகிறார்கள். மேலே போர் தொடங்கிவிட்டதா, ஊர் இருக்கிறதா இல்லையா, எதுவும் தெரியாது. கேப்டன் சவித்ஸ்கி பொறுமையிழந்து டார்பிடோவைத் தயார் செய்யச் சொன்னார் என்றும், கப்பலில் இருந்த படைப்பிரிவுத் தளபதியின் தலைமை அதிகாரி வசிலி அர்கீப்போவ் அவரை அமைதிப்படுத்தினார் என்றும் ஒரு சாட்சியம் இருக்கிறது. அவ்வளவு தூரம் போகவில்லை என்று மறுப்பவர்களும் உண்டு. கடைசியில் கப்பல் அமெரிக்கக் கப்பல்களுக்கு நடுவில் மேலே வந்தது. உலகம் இருந்தது.

நாவல்காரர்கள் இருவரும் எழுதியது ஊர் போய்விட்டது என்று தெரிந்த கப்பலைப் பற்றி. பி-59ல் இருந்தவர்களுக்கு அந்த நிச்சயமும் இல்லை. ஊர் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டால் என்னவும் செய்யலாம். இருக்கிறது என்று வைத்துக்கொண்டு நடந்தவர்களால்தான் நானும் நீங்களும் இதைப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று அப்பாவிடம் சொன்னேன். இவ்வளவு நீளமாகப் பேசினால் அவர் பாதியில் எழுந்து போய்விடுவார். அன்று போகவில்லை.

"இந்தக் கதைய வெளிய சொன்னது யாரு?"

வதீம் ஒர்லோவ் என்றேன். அந்தக் கப்பலில் எதிரியின் ரேடியோ பேச்சுகளை ஒட்டுக்கேட்கும் குழுவின் தலைவர். அவருடைய சாட்சியம் 2002ல்தான் பரவலாகத் தெரிய வந்தது.

"ரேடியோக்காரனா?" அப்பா எழுந்து உட்கார்ந்தார். "நாப்பது வருசம் வாயத் தொறக்காம இருந்திருக்கான் பாரு."

இருந்தார்தான் என்றேன். மணி எட்டாகியிருந்தது. ரிமோட்டை எடுத்துச் செய்தியை வைத்தார்.