தலைவிதியும் சட்டவிதியும்

விதி என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள் இரண்டு. தலையில் எழுதப்பட்டதாக நம்பப்படுவது ஒன்று. மனிதர் கூடி மன்றத்தில் எழுதுவது மற்றொன்று. முன்னது மனிதனை ஓயச் செய்யும். பின்னது அவனை நிமிரச் செய்யும்.

தொழிற்புரட்சி பற்றிய பாடத்தின்போது, எந்திரத்தில் கையிழந்தவன் கதி என்ன என்று வகுப்பில் கேட்டோம். "அவன் தலைவிதி, ஐயா!" என்றான் ஒரு மாணவன். அவன் தந்தை பட்டறைத் தொழிலாளி. நாளை அவனும் அங்கே செல்லக்கூடும். அவ்விடை நம் நெஞ்சைச் சுட்டது. இங்கிலாந்தின் நீதிபதிகளும் ஒருகாலத்தில் ஏறத்தாழ அதையே சட்டமொழியில் சொன்னார்கள்.

ஆண்டு 1837. பிரீஸ்ட்லி, இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் பணியாள். அளவுமீறிப் பாரம் ஏற்றிய வண்டி முறிந்தது. அவன் தொடையெலும்பும் முறிந்தது. ஜூரிகள் 100 பவுன் தரச் சொன்னார்கள். அபிங்கர் பிரபு அதைத் தள்ளிவிட்டார். இதற்கு இடமளித்தால், பணிப்பெண் ஈரப்படுக்கை விரித்ததற்கும் எசமான்மீது வழக்கு வருமே என்பது அவர் கவலை! இடர் கண்டால் பணியாள் மறுத்திருக்கலாமாம். மறுத்தவனுக்கு மறுநாள் சோறு எங்கே? அதைத் தீர்ப்பு கேட்கவில்லை.

அதிலிருந்து கிளைத்தது ஒரு கோட்பாடு: உடன் உழைப்பவன் தவறால் நேரும் தீங்குக்கு முதலாளி பொறுப்பல்லர்! ஆகவே, ஊழியர் தவறால் இரயில் மோதினால் பயணிக்கு ஈடு உண்டு. அதே மோதலில் மாண்ட ஊழியனின் குடும்பத்துக்கு இல்லை. ஒரே விபத்து, ஒரே குருதி, இருவேறு நீதி!

1880-ல் வந்த சட்டம், மேற்பார்வையாளரின் கவனக்குறைவு முதலிய சிலவற்றுக்கு முதலாளியைப் பொறுப்பாக்கிற்று. எனினும், தவற்றை மெய்ப்பிக்கும் சுமை தொழிலாளியின் தோளிலேயே இருந்தது. அந்த உரிமையையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிடலாம் என்று 1882-ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1897-ஆம் ஆண்டின் சட்டமே கேள்வியை மாற்றிற்று. தவறு யாருடையது என்பதன்று. வேலையால், வேலையின்போது நேர்ந்ததா என்பதே கேள்வி. காயமுற்றவனுக்கு வார ஊதியத்தில் பாதிவரை, ஒரு பவுனுக்கு மேற்படாமல். இறந்தவனின் குடும்பத்துக்கு 300 பவுன்வரை. தொகை சிறிது, இரயில், சுரங்கம், ஆலை போன்ற சில தொழில்களுக்கே அது உரியது. ஆயினும் கருத்து பெரிது: நிலக்கரிக்கு விலை தரும் தொழில், முறிந்த எலும்புக்கும் விலை தரவேண்டும். 1906-ல் அச்சட்டம் விரிந்து, சில தொழில்நோய்களையும் ஏற்றது. பழைய கோட்பாடோ 1948-ல்தான் முற்றும் ஒழிந்தது.

இந்தியாவுக்கு இத்தகு சட்டம் 1923-ல் வந்தது. மனிதன் எழுதிய தீர்ப்பை மனிதனே அழித்துத் திருத்தி எழுதினான் என்பதற்கு இவ்வரலாறே சான்று. இளைஞனே! ஆலையில் ஒருவன் வீழ்ந்தான் எனக் கேட்டால், எப்பிறவியின் பாவம் என்று வினவாதே. எவருடைய இலாபத்துக்காக, எவருடைய பொறுப்பில் வீழ்ந்தான் என்று வினவு!