7 என்று நினைத்தோம், 412 இருந்தது

2024 இரண்டாம் தவணை. தேர்ச்சி அறிக்கை கொடுக்க ஒரு நாள்தான் இருந்தது. புள்ளிகளைக் கூட்டி, நிலை போட்டு, அறிக்கை அச்சிடும் சிறிய மென்பொருள் ஒன்றை உயர்தர மாணவர்களும் நாங்களும் சேர்ந்து செய்து வைத்திருந்தோம். ஆய்வுகூடக் கணினி பழுதானதால் எல்லாவற்றையும் புதிதாக நிறுவினோம். மென்பொருள் திறக்கவே இல்லை. அன்றிரவு 11 மணி வரை ஆசிரியர்கள் கல்குலேட்டரும் பேனையுமாக இருந்தார்கள். அதிபர் ஒரு வார்த்தை ஏசவில்லை. அதுதான் எங்களுக்குப் பெரிய வெட்கம்.

பிழை எங்களுடையது. ஜாவாஸ்கிரிப்டில் எழுதுபவர்கள் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. திகதி காட்ட ஒன்று, அட்டவணை அச்சிட ஒன்று என, யார் யாரோ எழுதித் திறந்து வைத்திருக்கும் பொதிகளை என்பிஎம் என்ற களஞ்சியத்திலிருந்து இலவசமாக எடுத்துக்கொள்கிறோம். எந்தப் பொதியின் எந்தப் பதிப்பு என்று குறித்து வைக்கும் கோப்பு ஒன்று உண்டு. அதன் பெயரே பேக்கேஜ்-லொக். அதைத் தேவையில்லாத கோப்பு என்று நாங்கள் அழித்திருந்தோம். புதிதாக நிறுவும்போது சில பொதிகள் வேறு பதிப்பில் வந்து, ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை.

அடுத்த வாரம் ஒரு மாணவன் முழுப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு வந்தான். "சேர், நாம 7 பொதிதானே எடுத்தம். இங்க 412 கிடக்கு."

ஒரு பொதி இன்னொன்றில் தங்கியிருக்கும், அது வேறொன்றில். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பொதியை அதை எழுதியவர் ஒரு பெயர்த் தகராறில் களஞ்சியத்திலிருந்து நீக்கினார். மொத்தம் 11 வரிகள்தான். ஆனால் அது பெரிய பெரிய திட்டங்களின் அடியில் இருந்ததால் உலகெங்கும் வேலைகள் நின்றன. பிறகு அந்தப் பொதியை மீள வைத்த களஞ்சியம், நீக்குவதற்கான விதிகளையும் இறுக்கியது.

அன்றே ஒரு சீஆர் கொப்பி வாங்கி, வரவுப் பதிவேடு மாதிரிக் கோடு கீறினோம். பொதியின் பெயர், எங்களிடமுள்ள பதிப்பு, கடைசியாகப் புதுப்பித்த திகதி, பராமரிப்பவர் எத்தனை பேர், வாரப் பதிவிறக்கம். நேரடியாக எடுத்த 7 பொதிகளையும் மாதாமாதம் பார்க்கிறோம். மற்றவற்றைக் கணினியே பட்டியலிடும். பழையது எது, பாதுகாப்புக் குறை அறிவிக்கப்பட்டது எது என்று காட்டும் கட்டளைகள் என்பிஎம்மிலேயே உண்டு.

முதலில் பிள்ளைகள் பதிவிறக்க எண்ணிக்கையைத்தான் பார்த்தார்கள். இலட்சக்கணக்கில் இருந்தால் நல்ல பொதியாம். அந்த எண்ணிக்கையில் மனிதர் மட்டும் இல்லை, தானாக இயங்கும் இயந்திரங்கள் திரும்பத் திரும்ப இறக்குவதும் சேர்ந்துதான் இருக்கிறது என்று சொன்னோம். 2018இல் ஈவண்ட்-ஸ்ட்ரீம் என்ற பொதிக்கு வாரம் ஏறத்தாழ 20 இலட்சம் பதிவிறக்கம். எழுதியவர் அதைக் கைவிட்டு நெடுநாள். பொறுப்பெடுக்கிறேன் என்று வந்த அறிமுகமில்லாத ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். வந்தவர், ஒரு பிட்கொயின் பணப்பை செயலியில் திருடுவதற்கான குறிமுறையை உள்ளே போக வழி செய்தார். அதனால்தான் எங்கள் கொப்பியில் பராமரிப்பவர் நிரலைச் சிவப்புப் பேனையால் எழுதுகிறோம்.

அந்த நிரலில் ஒரு பொதிக்கு எதிரே '1' மட்டும் இருந்தது. வாரம் இலட்சக்கணக்கானோர் இறக்கும் பொதி, பார்ப்பவர் ஒரே ஒருவர். "அவருக்கு யார் சேர் சம்பளம் குடுக்கிற?" என்று அந்த மாணவன் கேட்டான். பெரும்பாலும் யாரும் இல்லை, மகன். வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது.

2025 செப்டெம்பர் 8ஆம் திகதி சோக், டிபக் உட்பட 18 பொதிகளில் விஷக் குறிமுறை புகுந்தது. எல்லாம் சேர்த்து வாரம் 200 கோடிக்கு மேல் பதிவிறக்கம் உள்ள பொதிகள். பராமரிப்பவருக்குக் களஞ்சியத்திலிருந்து வந்தது போல ஒரு போலி மின்னஞ்சல். அவர் நம்பிவிட்டார், அவ்வளவுதான். சில மணித்தியாலங்களில் பிடித்துவிட்டார்கள். செய்தி கேட்டதும் பிள்ளைகள் பட்டியலைத் திறந்தார்கள். டிபக் எங்களிடமும் இருந்தது. பழுதானது 4.4.2, எங்களுடையது 4.3.4. இந்த முறை பூட்டுக் கோப்பை யாரும் அழித்திருக்கவில்லை. பார்த்து முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

உறவுகளே, அந்த மென்பொருளில் இருப்பது உங்கள் பிள்ளைகளின் பெயர்களும் புள்ளிகளும். அதனால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதினோம். ஊரில் இத்துறையில் வேலை செய்யும் பழைய மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஒரு சனிக்கிழமை வந்து எங்கள் கொப்பியைப் பாருங்கள். எந்த நிரலை விட்டிருக்கிறோம் என்று சொல்லித் தாருங்கள். தேத்தண்ணி எங்கள் பொறுப்பு.