வாயைத் திறந்து காட்டுங்கோ

குச்சவெளிக் கரையில் கரைவலை இழுக்கிற ஆக்களில் வெத்திலை போடாதவரைத் தேடித்தான் பிடிக்கவேணும். எங்கட வயசுப் பொடியன்களும் கடையில் சுருட்டி விக்கிறதை வாங்கி, கன்னத்துக்குள்ள அடக்கிக்கொண்டுதான் வேலைக்கு இறங்குறாங்கள். கேட்டால், "புகையிலை இல்லை, வெறும் பாக்குத்தானே" என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுப்பு அந்தச் சமாதானத்துக்கு இடம் வைக்கவில்லை: புகையிலை சேராவிட்டாலும் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும். இலங்கை ஆண்களுக்கு அதிகமாக வருவதும் வாய்ப்புற்றுநோய்தான்.

ஆனால் இது ஒளிந்திருக்கிற நோய் இல்லை. ஒரு ரோச் லைட் போதும். 1996இல் திருவனந்தபுரம் பக்கம் 13 பகுதிகளை எடுத்து, ஏழில் மட்டும் 35 வயதுக்கு மேற்பட்டவர்களின் வாயைப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் டொக்டர்மாரும் இல்லை, பயிற்சி பெற்ற பட்டதாரிகள். சங்கரநாராயணன் குழு 2005இல் வெளியிட்ட முடிவின்படி, புகையிலையோ மதுவோ பாவிப்பவர்களிடையே வாய்ப்புற்றுநோய் இறப்பு 34 சதவீதம் குறைந்திருந்தது. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் அவ்வளவு தெளிவான வித்தியாசம் இல்லை. அதாவது ஊரையே வரிசையில் நிறுத்தத் தேவையில்லை, ஆபத்து கூடினவர்களின் வாயைத் தவறாமல் பார்க்கவேணும்.

இதற்கு முன்பே இலங்கையில் செய்து பார்த்திருக்கிறார்கள் என்பது எங்களுக்கே புதினம். கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்கள் ஒரு வருடத்தில் 28,000 பேருக்கு மேல் பார்த்ததாக 1984இல் கட்டுரை வந்தது. சந்தேகமானவர்களைத் துண்டு கொடுத்து அனுப்பினால், போனது ஏறத்தாழப் பாதிப் பேர்தான்.

அந்த மிச்சப் பாதியை எங்களுக்கு நல்லாத் தெரியும். இங்கிருந்து திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு முப்பது கிலோமீற்றருக்கு மேல். ஒரு நாள் போனால் ஒரு நாள் உழைப்புப் போச்சு. அதைவிட, "நோகேல்லையே, பிறகேன்?" என்ற கேள்வி. ஆரம்பத்தில் நோகாதுதான். துடைத்தாலும் போகாத வெள்ளைத் தழும்பு, சிவந்த திட்டு, மூன்று கிழமையாகியும் ஆறாத புண், கறி பட்டால் எரிவு, வாயை முழுசாகத் திறக்க ஏலாமல் இறுகுவது: இதில் ஒன்று இருந்தாலும் பல் வைத்தியரிடம் காட்டலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசும் இல்லை.

வீட்டில் அப்பப்பாவையோ மூத்தம்மாவையோ வெளிச்சத்தில் இருத்தி நாங்களே பார்க்கலாம், அது லேசு. துண்டு கிடைத்த பிறகு புல்மோட்டை பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் ஆர் இருக்கிறது என்பதைத்தான் முன்கூட்டியே பேசிவைக்க வேணும்.