மாத்தளை வரை ஸ்கூட்டியில்

இத்தாலியில் 1946ஆம் ஆண்டு ‘வெஸ்பா’ என்ற ஸ்கூட்டர் வெளிவந்தது. அந்த மொழியில் வெஸ்பா என்றால் குளவி. பாவாடை அணிந்த பெண்ணும் காலைத் தூக்கிப் போடாமல் ஏறி இருக்கக்கூடிய வண்டி அது. இன்றும் நண்பர்கள் கூட்டமாக அதை எடுத்துக்கொண்டு முந்திரிகைத் தோட்டங்களுக்கு நடுவே ஊர் ஊராகச் சுற்றுவது அங்கே ஒரு பொழுதுபோக்கு.

எங்கள் வன்னிக்கு ஸ்கூட்டி வந்த கதை வேறு. போர் முடிந்த பின் லீசிங் கொம்பனிகள் வந்தன, அவற்றோடு ஸ்கூட்டியும் வந்தது. பால் கொண்டுபோக, தைத்த உடுப்புக் கொடுக்க, பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றி இறக்க என்று அது உழைக்கிற வண்டி. அதில் ஊர் பார்க்கப் போவதை யாரும் நினைப்பதில்லை.

2024 ஆகஸ்டில் நாங்கள் ஐந்து பெண்கள் மூன்று ஸ்கூட்டிகளில் வவுனியாவில் இருந்து மாத்தளைக்குப் போய் வந்தோம். ஐவரும் ஒரே சேமிப்புக் குழுவில் இருப்பவர்கள். இருவர் கணவரை இழந்தவர்கள். ஒருவர் 2009 முதல் கணவரைத் தேடிக்கொண்டிருப்பவர். “கோயிலுக்கோ போறியள்?” என்று கேட்டவர்களுக்கு ஓம் என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் எங்களில் மூத்தவரான தையல்கார அக்கா, “சும்மா பாக்கப் போறம். ஆம்பிளையள் போறேல்லையோ?” என்று சொல்லிவிட்டார். ஒழுங்கையில் ஒரு வாரத்துக்கு அதுதான் பேச்சு.

மாத்தளையைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் எங்கள் ஐவரில் இளையவர். அவருடைய தாயார் மாத்தளைத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1977 வன்செயலில் விரட்டப்பட்டு, இன்னும் பல மலையகக் குடும்பங்களைப் போல வவுனியாவுக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர். பிறகு வந்த யுத்தத்தில் எங்களோடுதான் ஓடினார்கள், எங்களோடுதான் முகாமில் வரிசையில் நின்றார்கள். அப்படியிருந்தும் அவர்களைத் ‘தோட்டக்காட்டார்’ என்று சொல்கிற வாய்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் மூடவில்லை. தாயார் பிறந்த இடத்தைத் திரும்பப் பாராமலே இறந்துபோனார்.

விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டோம். ஏ9 வீதியை நாங்கள் எல்லோரும் அறிவோம். சண்டைக் காலத்தில் மதவாச்சியில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, வேறு பஸ் பிடித்துப் போன வீதி. இம்முறை அந்த இடத்தைக் கடந்தபோது ஒருவரும் வேகத்தைக் குறைக்கவில்லை, கதைக்கவுமில்லை. மிகிந்தலைக்குக் கிட்ட ஒரு பொலிஸ்காரர் மறித்தார். சாரதி அனுமதிப்பத்திரங்களைப் பார்த்துவிட்டு, பின்னால் இருந்தவரின் ஹெல்மட் பட்டியை இறுக்கச் சொன்னார், அவ்வளவுதான். ஆனாலும் எனக்குக் கை நடுங்கி நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இந்த வழிக்கு இன்னொரு கதையும் உண்டு. கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டில் இருந்து கொண்டுவரப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளையைத் தாண்டி மாத்தளை வரை நடந்தே வந்தார்கள். பசியாலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலே செத்தவர்கள் ஏராளம். அந்த நடையின் 200 ஆண்டு நினைவாக 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் இருந்து ஒரு நடைபவனி புறப்பட்டு, ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்தது. எங்கள் தோழி அன்று வீதியோரம் நின்று பார்த்தவர். “அம்மாவின்ர பாட்டி இப்பிடித்தான் வந்ததாம்” என்று தம்புள்ளையில் பிளேன்ரீ குடிக்கும்போது சொன்னார்.

தம்புள்ளைக் குகை விகாரையைப் பற்றிப் பல பேர் எழுதிவிட்டார்கள். 1991 முதல் அது உலக மரபுரிமைச் சின்னம். படி ஏற முழங்கால் விடாதவர்கள் கீழே பொருளாதார மத்திய நிலையத்தைப் பார்த்தால் போதும் என்பது என் கருத்து. நாட்டின் மரக்கறிகளெல்லாம் அங்கே மூட்டை மூட்டையாக வந்து இறங்குகின்றன. எங்கள் அக்கா வெங்காய விலையைக் கேட்டுவிட்டு வழி முழுக்கக் கணக்குப் பார்த்துக்கொண்டே வந்தார்.

நாவுலயைத் தாண்டியதும் நாலந்தா கெடிகே. பல்லவர் பாணியில் கருங்கல்லில் கட்டிய பழைய பௌத்தக் கட்டடம், பார்வைக்கு இந்துக் கோயில் போலவே இருக்கும். மகாவலித் திட்டத்தில் போவத்தென்ன நீர்த்தேக்கம் கட்டியபோது அது நீருக்குள் போகவிருந்தது. கல் கல்லாகக் கழற்றி, மேட்டில் திரும்ப அடுக்கியிருக்கிறார்கள். “இதுக்கும் இடப்பெயர்வுதான், ஆனா வீட்டுத்திட்டம் வடிவாக் கிடைச்சிருக்கு” என்றார் அக்கா. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மாத்தளை நகரில் முத்துமாரியம்மன் கோயிலின் 108 அடி இராஜகோபுரம் வீதியில் இருந்தே தெரியும். 1983இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த கோயில். மாசி மகத்தில் ஐந்து தேர்கள் ஓடும். அப்போது போக விரும்புபவர்கள் தங்குமிடத்தை முன்னரே பேசிவிடுங்கள்.

அடுத்த நாள் இரத்தோட்டை வீதி. கீழே மிளகு, கொக்கோ, இறப்பர். ஏற ஏறத் தேயிலை. இரண்டு பேர் இருந்த வண்டிகள் ஏற்றத்தில் முனகின. பின்னால் இருந்தவர்கள் இறங்கி நடந்தார்கள்.

தோழி தாளில் எழுதி வைத்திருந்த டிவிசனை விசாரித்து விசாரித்துக் கண்டுபிடித்தோம். வழி கேட்டதெல்லாம் அவர்தான். எங்கள் ஊரில் தலை குனிந்து கதைப்பவர் அங்கே வாய் நிறைய, “ஏங்க, பழைய லயம் எந்தப் பக்கம்?” என்று கேட்டதை அன்றுதான் கேட்டோம். தாயோடு வீட்டுக்குள் கதைத்த பாஷையாம்.

லயத்து வாசலில் ஒரு வயதான அம்மா இருந்தார். பெயரைக் கேட்டதும், “ஞாபகம் இல்ல தாயி. எழுவத்தேழுல நெறயச் சனம் போயிருச்சு” என்றார். பிறகு எழுந்து நடந்து, கடைசிக் காம்பிராவைக் காட்டி, “இதுல இருந்தவங்க வவுனியாவுக்குத்தான் போனாங்க, ஒங்க ஆளுகளா இருக்கலாம்” என்றார். இருக்கலாம் என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. அந்தக் காம்பிராவில் இப்போது வேறு குடும்பம். அவர்கள்தான் எங்களுக்குத் தேத்தண்ணியும் ரொட்டியும் தந்தார்கள்.

“அங்க காணி குடுத்தாங்களா?” என்று அந்த அம்மா கேட்டார்.

“அரை ஏக்கர். பத்திரம் இன்னும் கையில வரல.”

“எங்களுக்கு இன்னும் இந்தக் காம்பிராதான். ஏழு பேர்ச்சுன்னாங்க, பத்து பேர்ச்சுன்னாங்க.”

இரண்டு பேரும் தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் நின்று வெகு நேரம் இதையே கதைத்தார்கள். வெஸ்பா என்றால் குளவி என்று நான் சொன்னதும் அந்த அம்மா கையை உதறினார். கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தவராம். அப்படியொரு பேரை யார் வண்டிக்கு வைப்பார்கள் என்று கேட்டார்.

அதற்கு மேலே றிவஸ்டன். நக்கிள்ஸ் மலைத்தொடர், மடித்த கை முட்டிபோல இருப்பதால் வெள்ளைக்காரர் வைத்த பெயர். அங்கே வீசும் காற்று ஸ்கூட்டியைச் சாய்க்கப் பார்க்கிறது. நிறுத்திவிட்டுப் பிட்டவலப் புல்வெளி வரை போனோம். வாயில் இருந்து வரும் சொல்லைக் காற்றுப் பறித்துக்கொண்டு போனது. கணவரைத் தேடும் அக்கா தனியே தள்ளி நின்று எதையோ உரத்துச் சொன்னார். எங்கள் காதில் விழவில்லை, நாங்கள் பிறகு விசாரிக்கவுமில்லை. இறங்கும்போது ஒரு விடயம் கவனம், சகோதரிகளே: ஸ்கூட்டியில் கியரைக் குறைத்து இறங்க வழியில்லை. பாரம் முழுக்கப் பிரேக்கில்தான் விழும். இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடித்து, இடையிடையே நிறுத்தி ஆறவிட்டுத்தான் வந்தோம்.

மூன்றாம் நாள் திரும்பும் வழியில் அலுவிகாரை. கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், யுத்தமும் பஞ்சமும் வந்து, மனப்பாடமாக வைத்திருந்த பிக்குகள் இறந்துவிட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்று, புத்தரின் போதனைகளை முதன்முதலில் ஓலையில் எழுதிய இடம். பார்க்க வருபவர்களுக்கும் ஓலையில் பெயர் எழுதித் தருகிறார்கள். தோழி தன் பெயரைச் சொல்லவில்லை, தாயின் பெயரைச் சொன்னார். எழுத்தாணியால் கீறியபோது ஒன்றுமே தெரியவில்லை. கரியைப் பூசித் துடைத்த பிறகு சிங்கள எழுத்தில் பெயர் கறுப்பாகத் தெரிந்தது. அதை ஹெல்மட்டுக்குள் வைத்து, பெட்டிக்குள் வைத்து, கடைசியில் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

ஒரு வண்டிக்கு ஏறத்தாழ ஒன்பது லீற்றர் பெற்றோல் போனது. தம்புள்ளையில் அக்கா ஐந்து கிலோ வெங்காயம் வாங்கினார். இருட்ட முன் மதவாச்சியைத் தாண்டிவிட்டோம்.