கேட்பதும் கேள்விப்படுவதும்

கைக்குள் அடங்கும் தொலைபேசியில் உலகமே பேசுகின்ற இந்நாளில், எண்பது ஆண்டுகட்கு முந்திய மாதிரியில் ஒரு வால்வு ரேடியோவைச் செய்வதால் என்ன பயன் என்று நண்பர்கள் கேட்கின்றனர். நியாயமான வினாவே. பழையது என்ற ஒரே காரணத்துக்காக எதனையும் கும்பிடும் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன் நான். எனினும், பெடாஸ் தோட்டத்து வீட்டில் மூன்று மாத மாலைப் பொழுதுகளை அப்பெட்டிக்காகச் செலவிட்டேன். அதன் காரணத்தை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

தமிழில் ‘கேட்டல்’ என்பது ஒன்று. ‘கேள்விப்படுதல்’ என்பது வேறொன்று. கேட்பவன் தன் காதை நம்புகிறான். கேள்விப்படுபவன் பிறர் வாயை நம்புகிறான். மலாயாத் தோட்டத்துத் தமிழன் நெடுங்காலம் உலகத்தைக் கேள்விப்பட்டே வாழ்ந்தான். ரேடியோ துரையின் பங்களாவில் இருந்தது. அங்கே விழுந்த செய்தி கிராணியார் வாயில் ஒருவிதமாகவும் கங்காணியார் வாயில் வேறுவிதமாகவும் உருமாறிப் பெரட்டுக் களத்துக்கு வந்து சேரும். ரப்பர் விலை சிங்கப்பூரிலும் லண்டனிலும் ஏறி இறங்கியது. பால் வெட்டியவனோ அவ்விலையைத் தானே அறிய வழியின்றி நின்றான். 1930-ஆம் ஆண்டையொட்டிய மந்தத்தில் கூலி குறைக்கப்பட்டதும், பல்லாயிரவர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டதும் அவனுக்கு விதியாகவே தோன்றின. காரணம் தெரியாத துன்பத்துக்கு விதி என்று பெயரிடுவது நம்மவர் வழக்கமன்றோ?

1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஜப்பானியர் ஆட்சியில் சிற்றலை வானொலியைக் கேட்பது கடுங்குற்றமாயிற்று. ஆள்வோர் தந்த செய்தியே செய்தி. அதனை வேறொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் உரிமை எவர்க்குமில்லை. அந்நாளிலும் துணிந்து கேட்டவர் உண்டு. பேராக்கில், ஈப்போவுக்கு அருகிலுள்ள பாப்பன் என்னும் சிற்றூரில் சிபில் கார்த்திகேசு என்ற மருத்துவத் தாதி வாழ்ந்தார். இலங்கைத் தமிழ் மரபினரான டாக்டர் கார்த்திகேசுவின் மனைவி அவர். காட்டுக்குள்ளிருந்து போராடியவர்க்கு மறைவாக மருத்துவம் செய்தார். வீட்டில் ஒளித்து வைத்த ரேடியோவில் லண்டன் செய்தியைக் கேட்டார். அந்த ரேடியோவுக்கு ‘ஜோசபின்’ என்று செல்லப் பெயரும் இட்டிருந்தார். 1943-இல் கெம்பெத்தாய் அவரைப் பிடித்துச் சொல்லொணாச் சித்திரவதை செய்தது. அவரோ எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. போருக்குப்பின் ஜார்ஜ் பதக்கம் பெற்ற அவ்வம்மையார், 1948 ஜூனில் பிரிட்டனில் காலமானார்.

சயாமிலும் இதே கதைதான். 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா ரயில் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அதைப் போட்ட வெள்ளைப் போர்க்கைதிகள் தங்கள் முகாம்களில் ரேடியோக்களைக் கமுக்கமாகச் செய்து வைத்திருந்தனர். காஞ்சனபுரியில் ஒன்று பிடிபட்டபோது அதிகாரிகள் பலர் அடித்து நொறுக்கப்பட்டனர், இருவர் மாண்டனர். தப்பிய எரிக் லோமாக்ஸ் என்பவர் 1995-இல் அதைப் புத்தகமாக எழுதினார். அப்பாதையில் இறந்த போர்க்கைதிகள் சுமார் 12,000 பேர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர் அவர்களைவிடப் பன்மடங்கு மாண்டனர். ஆயினும் அவர்களின் எண்ணிக்கைகூடச் சரிவரப் பதியப்படவில்லை. கைதிகளிடம் ரேடியோவைச் செய்யத் தெரிந்தவர் இருந்தனர். நம்மவர்க்கு அக்கல்வியை எவரும் அளித்ததில்லை. இந்த எண்ணம் மனத்தை அறுத்தபடியால்தான், அக்காலத்துப் பெட்டியை என் கையாலேயே செய்து பார்க்கத் துணிந்தேன்.

நிற்க. நான் செய்தது ‘ஜோசபி’னின் நகல் அன்று. அக்காலத்தில் உலகெங்கும் இளைஞர்கள் வீட்டிலேயே செய்துவந்த ஒற்றை வால்வுப் பெட்டியே அது. அமெரிக்கரான எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1914-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அதற்கு அடிப்படை. வால்வு, 1940-களில் கையில் தூக்கிச் செல்லும் ரேடியோக்களில் இருந்த 1டி4 என்பது. சுண்டுவிரல் அளவேயுள்ள கண்ணாடிக் குழல். அதனுள் உள்ள இழையைச் சூடாக்க ஒரு டார்ச் லைட் பேட்டரி போதும். தகட்டுக்கு வேண்டிய 45 வோல்ட்டுக்கு, 9 வோல்ட் பேட்டரி ஐந்தை வரிசையாகக் கோத்தேன். அடிப்பலகை முதிர்ந்த பால்மரத்துப் பலகை. சுருள் சுற்றியது 32 மில்லிமீட்டர்க் குழாய்த் துண்டின்மீது: பிரதானச் சுருள் 12 சுற்று, அதன் அருகே சிறு சுருள் 4 சுற்று. காற்றிடைத் தகடுகளுள்ள கண்டென்ஸரைப் பழுதான ரேடியோ ஒன்றிலிருந்து கழற்றினேன். ஏரியல் கம்பி வீட்டுக்கூரையிலிருந்து கொல்லையிலுள்ள ரம்புத்தான் மரம் வரை சென்றது.

இது வேலை செய்யும் விதம் எளியது. இழை சூடேறியதும் அதிலிருந்து மின்துகள்கள் புறப்பட்டுத் தகட்டை நோக்கி ஓடுகின்றன. இடையே ஒரு கம்பி வலை நிற்கிறது. ஏரியலில் வந்த மெல்லிய அலை அவ்வலையைச் சிறிதளவு அசைத்தாலும், தகட்டுக்குச் செல்லும் ஓட்டம் பெரிதளவு அசைகிறது. ஆர்ம்ஸ்ட்ராங் செய்த வித்தை என்னவெனில், பெரிதான அவ்வோட்டத்தில் ஒரு பங்கைச் சிறு சுருளின் வழியே மீண்டும் பிரதானச் சுருளுக்கு ஊட்டியது. பெரிதானது மேலும் பெரிதாகிறது. ஒற்றை வால்வு பல வால்வுகளின் பணியைச் செய்கிறது. தூர தேசத்து அலை இங்கு வந்து சேர்வதும் மாயமன்று. வானின் உயரத்தில் மின்னேற்றம் பெற்ற அடுக்கொன்று சிற்றலைகளைத் திருப்பி அனுப்புகிறது என்பதை ஆப்பிள்டன் 1924-இல் தொடங்கிய சோதனைகளால் நிறுவினார்.

ஊட்டும் பங்கு அளவு மீறினால் பெட்டி விசிலடிக்கத் தொடங்கும். அப்போது அது கேட்பதோடு நில்லாமல், தானே ஒரு சிறு ஒலிபரப்பியாகி, ஏரியல் வழியே அலையை வெளியே விடும். அண்டை வீட்டு ரேடியோவும் கூடவே அலறும். அந்த விசிலை முதன்முறை கேட்டபோது என் உடல் சிலிர்த்தது. இத்தகைய பெட்டியை 1943-இல் இருட்டறையில் திருகியவன், விரல் ஒரு மயிரிழை தவறினால் தன்னைத்தானே காட்டிக்கொடுப்பவன் ஆவான். அவனது அச்சத்தை எந்த நூலும் எனக்கு இவ்வளவு நெருக்கமாகக் காட்டியதில்லை.

பள்ளி விட்டதும் தோட்டத்துப் பிள்ளைகள் நால்வர் ஐவர் வந்து சூழ்ந்துகொள்வர். சுருள் சுற்றியதில் பாதி அவர்கள் கைவேலை. ஓர் இரவு 49 மீட்டர் பக்கம் மெல்லத் திருகுகையில், சீன வானொலியின் குரல் ஹெட்போனில் தெளிவாக எழுந்தது. “மாமா, இண்டர்நெட்டே இல்லாம எப்படி வருது?” என்று ஒரு சிறுமி வியந்தாள். விளக்கினேன். மறுநாள் அவளே அடுத்தவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். நான் பெற்ற கூலி அதுவே.

அவ்வாரம், தொண்ணூறைத் தாண்டிய அண்டை வீட்டுப் பாட்டியும் வந்து ஹெட்போனைக் காதில் வைத்துப் பார்த்தார். அவருடைய தந்தை மூன்று மாத வேலை என்ற பேச்சை நம்பிச் சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை. நெடுநேரம் கேட்டிருந்துவிட்டு, “தம்பி, அன்னிக்கு லயத்துல இப்படி ஒண்ணு இருந்திருந்தா எங்கப்பா போயிருக்க மாட்டாரா?” என்றார். இதற்கு என்ன மறுமொழி சொல்வது? துப்பாக்கியோடு வந்து லாரியில் ஏற்றியவர்களை ரேடியோ தடுத்திராது. சயாம் காட்டில் நடந்தவை அன்றைய ஒலிபரப்புகளில் வந்திருக்கும் என்றும் சொல்வதற்கில்லை. “பாட்டி, ரேடியோ ஒன்று மட்டும் அவரைக் காப்பாற்றியிராது” என்றே உண்மையைச் சொன்னேன். அவர் தலையசைத்து, “என்னன்னு தெரிஞ்சுக்கிட்டாவது போயிருப்பாரு” என்றார்.

அம்மூதாட்டியின் சொல்லில் உள்ள உண்மையைப் பாருங்கள்! அறிவு எல்லாத் துன்பத்தையும் நீக்கிவிடாது. ஆயினும், அறியாமல் இழுபட்டுப் போவதற்கும் அறிந்து நிற்பதற்கும் இடையே மனிதத் தன்மை முழுதும் அடங்கியிருக்கிறது. ஒருவனை அடிமையாக்க எண்ணுவோர் முதலில் அவன் கையைக் கட்டுவதில்லை. அவன் காதையே கட்டுகிறார்கள்.

இன்று நம் காது கட்டவிழ்ந்ததா? 1941-இல் தொடங்கிய லண்டன் பி.பி.சி.யின் தமிழ் வானொலி 2017 ஏப்ரல் 30-ஆம் நாளோடு ஓய்ந்தது. சிற்றலையில் பல குரல்கள் அடங்கிவிட்டன. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. லயத்துக்காரன் கையில் தொலைபேசி இருக்கிறது. அதில் வருவதோ பெரும்பாலும் பிறர் தள்ளிவிட்ட செய்தி. இன்ன கோயில் படத்தைப் பதினொருவருக்கு அனுப்பாவிடில் தீங்கு வரும் என்பதும், இன்ன சாறு நீரிழிவை மூன்று நாளில் தீர்க்கும் என்பதும் ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் வாய்க்குப் போகின்றன. முற்காலத்துக் கங்காணியார் வாய் இன்று கண்ணாடித் திரையாக மாறியுள்ளது. நாம் மீண்டும் கேள்விப்படுபவராகவே இருக்கிறோம்.

இதற்கு மருந்து, கருவியின் உள்ளே பார்க்கும் பழக்கம். தன் கையால் ஒரு ரேடியோவைச் செய்த பிள்ளை, எந்தக் குரலைக் கேட்டாலும் இது எங்கிருந்து வருகிறது, யார் அனுப்புகிறார், எதற்காக அனுப்புகிறார் என்று வினவத் தொடங்கும். அவ்வினா மூடநம்பிக்கைக்கு எமன். நம் இளைஞர் மன்றங்களும் தமிழ்ப் பள்ளிகளும் திருவிழாப் பந்தலுக்குச் செலவிடுவதில் சிறு பங்கை எடுத்து, ஆண்டுக்கு ஒரு பெட்டியேனும் பிள்ளைகள் கையால் செய்விக்கலாம். பலகையும் கம்பியும் மலிவு. வால்வையும் அஞ்சலில் வரவழைக்கலாம். செய்ய முன்வருவோர் பெடாஸுக்கு வரட்டும். சுருள் சுற்றக் கற்றுத்தர இங்கே ஒரு சிறுமி காத்திருக்கிறாள்.