மிகுதிச் சொல்லும் வானிலையும்

‘மிக’ என்பது ஈரெழுத்தாலாகிய சிறு சொல். அதனைச் சொல்லுதல் யார்க்கும் எளிது. அது குறிக்கும் அளவினை வரையறுத்தலோ அரிது. குளிர், வெயில், மழை, காற்று ஆகியவற்றைப் பற்றிப் பேசுங்கால் இவ்வருமை பெரிதும் புலனாகும். தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் யாம், ஆங்கில வகுப்பிலும் அமர்ந்து, அம்மொழியார் வானிலையைக் கூறுதற்கு வழங்கும் அளவுச் சொற்களைக் கற்றோம். அவற்றைக் கற்குந்தோறும் எம் உள்ளத்தெழுந்த சில எண்ணங்களை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

ஆங்கில நாட்டார் வானிலையைப் பற்றி மிகுதியாகப் பேசுபவர். அவருள் இருவர் சந்திப்பின் முதற்பேச்சு அதுவே என்று சாமுவேல் ஜான்சன் 1758-ஆம் ஆண்டிலேயே எழுதினார். அதற்குக் காரணம் இல்லாமலில்லை. அத்லாந்திக் பெருங்கடலின் ஓரத்தே கிடக்கும் அத்தீவில் காலையில் வெயிலும், நண்பகலில் மழையும், மாலையிற் குளிர்காற்றும் ஒரே நாளில் வந்து போதல் கூடும். பெருவெப்பமும் கடும்பனியும் ஆண்டிற் சில நாட்களே; இடைப்பட்ட நிலைகளே பல. அவ்விடைநிலைகளை நுணுகிக் காட்டும் சொற்கள் அவர் பேச்சிற் பல்கியிருத்தலில் வியப்பில்லை.

‘கோல்ட்’ என்னும் பண்புச்சொல்லை எடுத்துக்கொள்வோம். அதன்முன் ‘எ பிட்’ வரின் சிறிது குளிர். ‘ராதர்’ வரின் வேண்டியதினும் சற்று மிக்க குளிர். ‘வெரி’ வரின் மிக்க குளிர். ‘எக்ஸ்ட்ரீம்லி’ வரின் எல்லையை அடுத்த குளிர். ‘டூ’ என்பதோ அளவினை மட்டும் கூறி அமையாது. இச்செயலுக்கு இக்குளிர் ஆகாது என்று தீர்ப்பும் கூறும். இன்னும் சில, அளவோடு மனநிலையையும் உணர்த்துவன. வெப்பத்தை விரும்புவோன் ‘ஃபேர்லி ஹாட்’ என்பான். அதே வெப்பத்தை வெறுப்போன் ‘ராதர் ஹாட்’ என்பான். வெப்பமானி இருவர்க்கும் ஒன்றையே காட்டும். அடைமொழியோ அவரவர் உள்ளத்தைக் காட்டும்.

‘பிரீஸிங்’ என்பது நீர் உறையும் நிலையையும், ‘பாய்லிங்’ என்பது நீர் கொதிக்கும் நிலையையும் கொண்டு பிறந்த சொற்கள். மிகுதி அவற்றினுள்ளேயே அடங்கியிருத்தலின், வானிலையைக் கூறும்போது அவற்றின்முன் ‘வெரி’ வருதல் வழக்கன்று. முழுமையைக் குறிக்கும் ‘ஆப்ஸலூட்லி’ என்பதே வரும். நிறைந்த குடத்தில் மேலும் நீர் வார்ப்பார் உளரோ? ‘குவைட்’ என்பது இன்னும் நுட்பமுடையது. பிரிட்டானியர் வழக்கில் அது ‘வார்ம்’ என்பதன்முன் நின்று ‘ஓரளவு’ எனப் பொருள்படும். ‘பெர்ஃபெக்ட்’ என்பதன்முன் நின்று ‘முழுதும்’ எனப் பொருள்படும். ‘கோல்டர்’ என ஒப்பிட்டுக் கூறுமிடத்து ‘வெரி’ நில்லாது. ‘மச்’ என்பதே நிற்கும்.

இவற்றைக் கற்கும் தமிழ் மாணாக்கர்க்குத் தொல்காப்பியனாரின் உரியியல் நினைவிற்கு வாராமற் போகாது. உறு, தவ, நனி என்னும் மூன்றும் மிகுதிப் பொருளன என்று அவர் வகுத்தார். பவணந்தியார் தம் நன்னூலில் சால, கூர், கழி என்பவற்றையும் உடன்வைத்து ஆறாக எண்ணினார். ஆயினும் மழையைக் கூறும்போது தமிழ் பெரும்பாலும் அடையினை நாடாது, பெயரையே மாற்றிவிடும். தூறல், சாரல், தூவானம், அடைமழை என்னும் பெயர்கள் அளவோடு இயல்பையும் உடன்காட்டுவன. குற்றாலத்துச் சாரலைச் ‘சிறிது மழை’ என்று கூறின், கூறியவன் அதில் நனைந்தவன் அல்லன் என்பது தெளிவாம். கடுங்குளிர், கொடுவெயில் என்பவற்றிலும் மிகுதி தனித்து நில்லாது பெயரோடு ஒட்டி ஒருசொல் நீர்மைத்தாய் நிற்கும்.

எம்மொழிக்குரியவாயினும் மிகுதிச் சொற்களுக்கு ஒரு குறையுண்டு, அவை தேய்வன. ‘வெரி’ என்பது ‘உண்மையான’ என்று பொருள்பட்ட பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. ‘டெரிபிளி’ அச்சத்தையும், ‘ஆஃபுலி’ அச்சங்கலந்த வியப்பையும் அடியாகக் கொண்டவை. இன்றைப் பேச்சில் இரண்டும் வெறும் ‘மிக’ என்னும் அளவில் நிற்கின்றன. நம்மவர் மட்டும் சிக்கனமுடையரோ? எம் விடுதி உணவறையில் ரசம் ‘பயங்கரச் சூடு’. தேர்வு முடிந்த மாலையில் வினாத்தாள் ‘பயங்கர எளிது’. நாடோறும் இவ்வாறு செலவிடப்பட்ட சொல், மெய்யாகவே பயங்கரம் வரும் நாளில் எதனைச் சுட்டும்?

கடலோடுவார்க்கு இத்தேய்வு உயிர்க்கேடாய் முடியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஃபிரான்சிஸ் போஃபர்ட் என்னும் பிரிட்டானியக் கடற்படையாளர் காற்றின் வன்மையை எண்ணிட்டு வகுத்தார். இன்றும் பிரிட்டனின் வானிலை நிலையம் கப்பலோட்டுவார்க்கென வெளியிடும் அறிக்கையில் அடைமொழிகள் எண்ணோடு பிணைக்கப்பட்டுள்ளன. ‘ரஃப்’ எனின் அலை 2.5 முதல் 4 மீட்டர். ‘வெரி ரஃப்’ எனின் 4 முதல் 6 மீட்டர். பார்வை எட்டுந் தூரம் 1,000 மீட்டரினும் குறைந்தாலன்றி ‘வெரி புவர்’ என்னார். காற்றழுத்தம் 3 மணி நேரத்தில் 6 ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ மட்டுமே ‘வெரி ராப்பிட்லி’ என்பர். ஈண்டு ‘வெரி’ என்பது சொல்வோன் மனநிலையன்று; அளவுகோலில் இட்ட ஒரு கோடு.

இந்திய வானிலை ஆய்வுத் துறையும் இந்நெறியினையே கைக்கொண்டுள்ளது. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் ‘ஹெவி’, 115.6 மில்லிமீட்டர் முதல் ‘வெரி ஹெவி’, 204.5 மில்லிமீட்டர் முதல் ‘எக்ஸ்ட்ரீம்லி ஹெவி’. இவை தமிழில் முறையே கனமழை, மிகக் கனமழை, அதிகனமழை என வழங்குகின்றன. ‘மிக’ என்பதற்கும் ‘அதி’ என்பதற்கும் நாம் பேச்சில் வேறுபாடு கருதுவதில்லை; அறிக்கை கருதுகின்றது. இது நன்றே. ஆனால் இம்மூன்று படிகளுள் கடைசிப் படிக்கு மேல்வரம்பு இல்லை. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாட் காலையில் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. 21 சென்டிமீட்டர் பெய்யினும் ‘அதி’. அதனினும் நான்கு மடங்கிற்கு மேற்பட்ட 95 பெய்யினும் ‘அதி’யே.

அந்நாளில் யாம் தாமிரபரணிக் கரையிலுள்ள எம் ஊரில் இருந்தோம். வானொலியில் ‘அதிகனமழை’ என்பதைக் கேட்ட எம் ஆச்சி எம்மை நோக்கி, “ ‘அதி’ என்றால் எவ்வளவு, ஐயா? கோயிற்படி அளவா, நம் வாசல்நடை அளவா?” என்று வினவினார். அம்முன்னொட்டிற்கு இலக்கணங் கூற யாம் வல்லோம். அவ்வினாவிற்கு விடை எந்நூலிலும் இல்லை. 1992-ஆம் ஆண்டு வெள்ளத்தை ஆச்சி கோயிற்படிகளை எண்ணியே நினைவில் வைத்திருந்தார். எத்தனையாம் படி நனையின் எத்தெருவார் வெளியேற வேண்டும் என்பது அவர்க்கு மனப்பாடம். அன்றிரவு எம் தெரு இளைஞர் கைவிளக்கேந்தி மாறிமாறி நின்று அப்படிகளை நோக்கினோம். நான்காம் படி நனைந்ததும் ஆச்சியின் சொற்படி முதியோரையும் குழந்தைகளையும் மேட்டிலுள்ள பள்ளிக்கூடத்திற்கு அழைத்துச் சென்றோம். விடியுமுன் நீர் எம் வாசல்நடையைக் கடந்தது. அத்தெருவில் ஓருயிரும் கேடுறவில்லை.

ஆங்கிலத்தின் அடைமொழிகளையோ, துறையாரின் எண்களையோ பழித்தல் எம் கருத்தன்று. உரையாடலில் அடைமொழி உள்ளத்தைக் காட்டும். அறிக்கையில் எண் அளவினைக் காட்டும். ஆனால் அவ்வெண் எம் தெருவில் எவ்வளவு நீராய் நிற்கும் என்பதை அறிவிக்க, ஊரார் அறிந்த ஓர் அடையாளமும் உடன்வேண்டும். அதனை அமைத்தல் துறையாரால் மட்டும் ஆகாது. ஒவ்வோரூரின் படியையும் பாலத்தையும் மரத்தையும் அவ்வூராரே அறிவர். ஆதலின் விடுமுறைக்குச் செல்லும் நம் மாணவத் தோழர், தத்தம் ஊர் முதியோரை அடுத்து, பழைய வெள்ளங்களில் நீர் நின்ற உயரங்களைக் கேட்டறிந்து, ஆண்டோடு எழுதி, பலருங் காணுஞ் சுவரிற் கோடிட்டு வைப்பாராக. முதியோர் உள்ளபோதே செய்யற்பாலதாகிய இப்பணி எளியதாயினும் சாலச் சிறந்தது. அது நிறைவேறும் நாளில் ‘அதி’ என்னும் சொல்லுக்கு நம் ஊர்களில் உரை எழுதப்பட்டதாகும்.