சுவரோரத்து இரும்புக்குழாய்

வீட்டின் முகப்பைப் பார்த்து மகிழ்பவர் பலர். பின்சுவரோரமாய் இறங்கும் கழிவுநீர்க் குழாயை ஏறிட்டுப் பார்ப்பவர் மிகச் சிலரே. ஒழுகத் தொடங்கும் வரையில் அப்படியொன்று இருப்பதே நமக்கு நினைவில்லை.

கொழும்பிலே வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கங்களில் எஞ்சியிருக்கும் பழைய மாடிவீடுகளில் இக்குழாய் வார்ப்பிரும்பினால் ஆனதாயிருக்கும். வார்ப்பிரும்பு எளிதிற் சாவதில்லை. பிரான்சு நாட்டு வெர்சேல்ஸ் அரண்மனையின் நீரூற்றுகளுக்காகப் 17ஆம் நூற்றாண்டிற் பதித்த குழாய்களிற் சில இன்றும் நீர் சுமக்கின்றன. பழுது பெரும்பாலும் குழாயில் இல்லை. ஒன்றின் அகன்ற வாய்க்குள் மற்றதன் நுனி செருகப்பட்ட மூட்டிலேதான் இருக்கிறது.

நாங்கள் மேல்மாடியிற் குடியிருந்த வீடொன்றில் இத்தகைய மூட்டொன்று கசிந்து, நீர் கீழ்வீட்டாரின் சுவாமியறைச் சுவரில் இறங்கிற்று. அது என்ன நீர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் குறையொன்றும் கூறவில்லை; படங்களை மெல்லக் கழற்றி வேறோர் அறைக்குக் கொண்டுபோனார்கள். நாலு வார்த்தை ஏசியிருந்தால் எங்களுக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

முதலில் வந்த மேசன் மூட்டைச் சுற்றிச் சீமெந்தை அப்பிவிட்டுப் போனார். இரண்டு கிழமை கழியுமுன் அது வெடித்தது. வெயிலில் விரிந்தும் மழையிற் சுருங்கியும் அசைகின்ற இரும்பின்மேல் அசையாத சீமெந்து எத்தனை நாளைக்கு நிற்கும்?

அடுத்து வந்தவர் முதிய குழாய்த் தொழிலாளி. அவர் முதலிற் குழாயைச் சுத்தியலால் இலேசாகத் தட்டிக் காது கொடுத்தார். கணீரென்றால் இரும்பு நலம். ஓசை மந்தமானால் வெடிப்போ துருவோ உண்டு. பின்பு கம்பி விட்டு அடியில் அடைப்பு உண்டோ என்று பார்த்தார். அடைப்பிருந்தால் நீர் மேலே தேங்கி, தளர்ந்த மூட்டெல்லாம் ஒழுகும். அதை நீக்காமல் மூட்டைத் திருத்துவது வீண்வேலை.

சீமெந்தைச் சுரண்டியதும் ஈயம் தெரிந்தது. தார் தோய்த்த சணற்புரியை மூட்டின் அடியிலே திணித்து, அதன்மேல் ஏறக்குறைய ஓரங்குல ஆழத்துக்கு உருக்கிய ஈயத்தை ஒரே வார்ப்பில் ஊற்றுவது பழைய முறை. ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும். அச்சூட்டில் வார்ப்பிரும்பு உருகாது. ஆனால் ஈயம் ஆறும்போது சுருங்கி, இரும்பைவிட்டு மயிரிழை விலகும். ஆகவே ஆறியபின் மழுங்கிய உளியை வைத்துச் சுற்றிவரத் தட்டி இறுக்க வேண்டும். நீரைத் தடுப்பது ஊற்றிய ஈயமன்று, தட்டிய ஈயமே.

எங்கள் மூட்டில் அந்த இறுக்கம் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். புதிதாக ஈயம் உருக்காமலே, அரைமணி நேரம் சிறுகச் சிறுகத் தட்டினார். ஓரிடத்தில் ஓங்கி அடித்தால் குழாயின் வாய் பிளந்துவிடுமாம். வாளி வாளியாய் நீர் விட்டோம்; ஒரு சொட்டும் வரவில்லை. கீழ்வீட்டுச் சுவர் உலர்ந்து வெள்ளையடிக்க இரண்டு மாதம் சென்றது. படங்கள் மீண்டும் பழைய இடத்துக்கு வந்தன.

இரசாயனம் பயிலும் மாணவர் இரசிக்கத்தக்க வேறொரு முறையும் உண்டு. இரும்புத்தூளோடு நவச்சாரம் சேர்த்து நீர்விட்டுக் குழைத்து மூட்டில் இறுக அடைப்பார்கள். தூள் துருப்பிடித்துப் பருத்துக் கல்லாகிவிடும். துருவைக் கொண்டே ஒழுக்கை அடைத்தவர்களை மெச்சாமலிருக்க முடியவில்லை.

இன்று ஈயம் வார்ப்போர் அருகிவிட்டனர். அதற்காக நான் அதிகம் வருந்தவில்லை. ஈரமான மூட்டில் உருகிய ஈயம் விழுந்தால், நீர் நொடியில் ஆவியாகி ஈயத்தை முகத்தில் வீசியெறியும். அதன் புகையும் தூளும் நஞ்சு. சிறுவரின் மூளையையே தாக்கும். குழாயே வெடித்திருந்தால், அத்துண்டை வெட்டியெடுத்துப் பீ.வீ.சீ. துண்டொன்றை வைத்து, இருபுறமும் றப்பர் உறை மாட்டி, துருப்பிடியாத உருக்குப் பட்டியால் இறுக்குவது இக்கால வழக்கம். ஆனால் வெட்டுமுன் மேற்குழாயைச் சுவரோடு பிணைத்துத் தாங்கல் கொடுக்க வேண்டும். மாடிவரை நிற்கும் இரும்பின் பாரம் முழுவதும் அந்த ஒரு துண்டின்மேல் இருக்கக்கூடும்.